சுபேதாரின் காதுகள்

குதிரைப் பால் கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அக்காவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என் முட்டாள்தனத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அவரை முதன்முதலாகப் பார்த்தபோது என் கையில் ஒரு தூக்குப்போசி இருந்தது. கோயம்புத்தூரில் முன்னாள் ராணுவத்துக்காரர்களைப் பார்க்கும் டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மாத்திரையை விட்டுடாதீங்க. கூடவே பொங்கலூர்ப் பக்கம் ஒரு அம்மா குதிரை வெச்சிருக்காங்க, ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாங்க. குதிரையும் ஒரு வைத்தியம்தான்" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்குக் கூச்சம். எங்கள் தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து, கைக்குழந்தைகளுக்கு ஒரு சங்குப் பால் கறந்து கொடுப்பவர்கள் உண்டு. கழுதைப் பால் குழந்தையின் சளிக்கு ஆகுமென்றால், குதிரைப் பால் ஹவில்தாரின் நடுக்கத்துக்கு ஆகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். குழந்தைக்கு ஒரு சங்கு. நான் எண்பத்திரண்டு கிலோ. ஆகவே இரண்டு லிட்டர் போசி.

தோட்டத்துப் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, தகரக் கொட்டகையில் அவர் குதிரையின் பின்னங்காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் கணவரின் பழைய பச்சைச் சட்டை.

"போசி எதுக்குங் தம்பி?"

"பாலுக்குங்கக்கா."

அவர் சிரிக்கவில்லை. காலை மெதுவாகக் கீழே விட்டார். என் முகத்தைப் பார்க்காமல் குதிரையின் காதுகளைப் பார்த்தார்.

"இவுரு ஆம்பளைங்க" என்றார். பிறகு, "ஆனா நீங்க நெசமாலுமே பாலுக்குத்தான் வந்திருக்கறீங்க. காதெ நேரா வெச்சிருக்காரு பாருங்க, உங்கள நம்பறாரு."

அந்தத் தோட்டத்தில் நான் பேசிய முதல் வார்த்தை உலக மகா முட்டாள்தனம். குதிரை அதை நம்பியது. அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் சொன்ன எதையும் அது நம்பவில்லை.

அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எங்களுக்கு அக்கா, அவ்வளவுதான். அவரிடம் ஒரே ஒரு பழக்கம். யார் என்ன சொன்னாலும் சொன்னவர் முகத்தைப் பார்க்க மாட்டார், குதிரையின் காதைப் பார்ப்பார். மனிதர்களின் வாய் மேல் அவருக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. குதிரைக்குத் தீனியாகச் சோளத்தட்டு கொண்டு வருகிறவர் "நேத்து அறுத்ததுங்க, தேனாட்டம் இருக்கும்" என்பார். அக்கா காதைப் பார்ப்பார். "மழையில நனைஞ்சு காய வெச்சதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார். தட்டின் வாசத்தைத்தான் குதிரை கண்டுபிடித்தது என்று நாம் சொல்லலாம். அந்த ஆள் அப்படி நினைக்கவில்லை. அடுத்த தடவையிலிருந்து கொட்டகைக்கு முப்பது அடி தள்ளி, குதிரையின் கண்ணில் படாத இடத்தில் நின்றுகொண்டுதான் பேசினார். ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் ஆறு மாதத்தில் தார் ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னார். குதிரை திரும்பி நின்று லத்தி போட்டது. "மன்னிச்சுக்குங்க, அவுருக்கு அரசியல் தெரியாதுங்க" என்றார் அக்கா.

குதிரையின் பெயர் சுபேதார். பெயர் வைத்தவர் அக்காவின் கணவர். ராணுவத்தில் கோவேறு கழுதைகளின் மேல் மூட்டை ஏற்றி மலைக்கு ஓட்டிப்போகும் பிரிவில் இருந்தவர். பணிக்காலம் முழுக்கத் தன்னை விரட்டிய ஒரு சுபேதாரைப் பழிவாங்க, ஊருக்குத் திரும்பியதும் அந்தியூர்ச் சந்தையில் ஒரு செம்மண் நிறக் குதிரையை வாங்கி அந்தப் பெயரை வைத்தாராம். எனக்குத்தான் கஷ்டம். சுபேதார் என்றால் ஹவில்தாருக்கு இரண்டு படி மேல். அக்கா பெயரைச் சொன்ன அந்த நொடியில் என் குதிகால்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்தன. போசியோடு விறைப்பாக நின்றேன்.

கொட்டகையின் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "அண்ணாச்சி, சல்யூட்டும் அடிச்சிரும்வே. நான் மொத நாளு அடிச்சேன்."

அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். அவரும் முன்னாள் ராணுவம்தான், இப்போது ஒரு சாயப்பட்டறையில் வாட்ச்மேன். கதவு சாத்திய அறையில் அவரால் இருக்க முடியாது. எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து இங்கே வந்து, சர்ச்சில் பாடிய பாட்டின் மிச்சத்தை முணுமுணுத்தபடி சுபேதாருக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

என் கோளாறைச் சொல்கிறேன். கரண்ட் வருவதைவிடப் போவது அதிகமாக இருந்த வருடங்கள் அவை. நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசர். கரண்ட் போனதும் பின்பக்கத்து ஜெனரேட்டரைப் போடுவார்கள். அது பழையது, பீரங்கி மாதிரி ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் தரையில் கிடப்பேன். விழுந்தது எனக்கே தெரியாது. கண்ணைத் திறந்தால் சிமெண்ட். கீழே கிடப்பதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருப்பேன். பட்டன் தேடினேன், சில்லறை விழுந்துவிட்டது, எலி. ஒருநாள் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வந்து பீஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் அந்தச் சத்தத்தைப் போட்டது. நான் செக்கிங் டேபிளுக்கு அடியில். வெளியே வரும்போது ஒரு பிசிர் நூலைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஃப்ளோர் செக்கிங் சார்" என்றேன். அந்த வெள்ளைக்காரர் நெகிழ்ந்துபோனார். இவ்வளவு கவனமான கம்பெனியைத் தான் பார்த்ததில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி மட்டும் என் கையைப் பார்த்தார். நூல் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியவர் அவர்தான்.

வடக்கே, மலையில், ஒரு காலை நேரம் எங்கள் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்தது. டீ வாங்கி வருகிறேன் என்று அப்போதுதான் எழுந்துபோன கூட்டாளி திரும்பி வரவில்லை. இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை அழைப்பு என்றால் வெடி இல்லாமல் இருக்காது. நான் தீபாவளி அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள். அந்த மாதத் தண்ணீர் வரியைப் பற்றிச் சிரிப்புக் காட்டிச் சமாளிப்பேன். மகள் சிரிக்க மாட்டாள். பத்திரிகை அடித்து வந்த அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, கல்யாணத்தன்னிக்கு எங்கயும் போய் ஒளிஞ்சுக்காதீங்க. வாசல்ல நில்லுங்க. எனக்கு அது போதும்" என்றாள். சம்பந்தி வீட்டார் முன்னால் பட்டு வேட்டியோடு நான் நடுரோட்டில் குப்புறக் கிடப்பதை அன்றிலிருந்து தினமும் மனதுக்குள் பார்த்தேன். வேட்டியின் ஜரிகை எந்தப் பக்கம் இருக்கும் என்பதுவரை தெரிந்தது.

அக்காவிடம் சிகிச்சை என்றால் இதுதான். சவாரி கிடையாது. "ஏறறதுக்கு இல்லீங்க, அவுருக்கு வயசாச்சு" என்பார். கல்யாணம், காதுகுத்து என்றால் மட்டும் சுபேதார் ஆளை ஏற்றும், அதுவும் நூறு அடி. நமக்குக் கயிறுதான். "அந்த வேப்பமரம் வரைக்கும் கூட்டீட்டுப் போய்ட்டு வாங்க. இழுக்கக் கூடாதுங்க. கயிறு தொங்கோணும்."

இருபத்துநான்கு வருடம் பரேடு மைதானத்தில் கத்தியவன் நான். "சல்!" என்று இந்தியில் அதட்டினேன். சுபேதார் சிலை. மரியாதையாகக் கேட்டேன். சிலை. ஒரு கதை சொன்னேன். அக்கா தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ராத்திரி தூங்குனீங்களா தம்பி?" என்றார்.

"நல்லாத் தூங்குனனுங்க."

அக்கா திரும்பினார். சுபேதாரின் இரண்டு காதுகளும் பிடரியோடு ஒட்டிப் படுத்திருந்தன.

"அவுரு நம்பலீங்க."

"ஒடம்பு நல்லா இருக்குதுங்கக்கா, ஒண்ணுமில்லீங்க."

"அதயும் நம்பலீங்க."

தென்காசிக்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, இது குதிரையா, கோர்ட்டா?"

எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'ங்க' வரும். நல்ல கம்பளி அது. எதை வேண்டுமானாலும் போர்த்திவிடலாம். கால் உடைந்தவனைக் கேட்டாலும் "பரவாயில்லீங்க" என்பான். கடை முழுகிப்போனவன் "அப்படியே போகுதுங்க" என்பான். கேட்டவரும் "சரீங்க" என்று போய்விடுவார். நாற்பத்தாறு வருடமாக இந்தக் கம்பளிக்குள் சுகமாக இருந்தவனுக்கு, போயும் போயும் தமிழ் தெரியாத ஒரு பிராணியிடம் வந்து மாட்டியது போலிருந்தது.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "ஏனுங்கக்கா, எனக்கு என்ன ஆச்சுன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கலியே?"

"கேட்டா நீங்க ஒண்ணுமில்லீங்கம்பீங்க. நானு அப்படீங்களாங்கோணும். அந்த நேரத்துக்கு ரண்டு பேரும் லத்தி அள்ளிரலாமுங்க" என்று கூடையை என் பக்கம் தள்ளினார்.

டாக்டரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வெளிநாடுகளில் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு இதேபோல் குதிரைகளை வைத்துச் சிகிச்சை தருகிறார்கள், அதற்குப் படிப்புகூட இருக்கிறது என்று ஒரு நீளமான இங்கிலீஷ் பெயரைச் சொன்னார். அக்கா முழுதாகக் கேட்டார். சுபேதாரின் காது நேராக இருந்தது. "அப்படீங்களா? பேரு வெச்சுட்டாங்களா? சந்தோசமுங்க. வந்தது வந்தீங்க, அந்த பக்கெட்ட சித்தெ இப்படி நகத்துங்க." டாக்டர் நகர்த்தினார். அடுத்த பக்கெட்டையும் நகர்த்தினார்.

அக்கா இந்தப் படிப்பை எங்கே படித்தார் என்பது ஒருநாள் தெரிந்தது. அன்று கேசரி கிண்டி வைத்திருந்தார். ஆளுக்கொரு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டே பேசினார். அவருடைய கணவர் ஊருக்கு வந்த புதிதில் வீட்டில் யாரிடமும் பேசவில்லையாம். சோறு வேண்டும் என்றுகூடச் சொன்னதில்லை. குதிரை வந்த பிறகு அதனிடம் மட்டும் முணுமுணுப்பார். அக்கா சன்னலிலிருந்து பார்ப்பாராம். "என்ன பேசறாருன்னு கேக்காதுங்க. காது மட்டும் தெரியும். காது நேரா நின்னா, இன்னைக்கு நெசத்தச் சொல்றாருன்னு நெனச்சுக்குவேன். அன்னைக்குச் சோறு கொஞ்சம் சேத்தி ஆக்குவேன். அப்படியே ஒரு வருசத்துல எங்கிட்டயும் பேசுனாரு." பிறகு சொன்னார், "இன்னைக்கு அவிய போன நாளுங்க. நாலு வருசமாச்சு. வயித்துல கட்டி. இப்ப எனக்கொண்ணும் வெசனமில்லீங்க, பழகீருச்சு."

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் திரும்பிக் காதைப் பார்த்தார்.

காதுகள் படுத்துக்கிடந்தன. சுபேதார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "பாருங்க, பாருங்க! தட்டுப் போடறவளையே நம்பமாட்டேங்கறாரு!" சிரிப்பு நடுவில் வேறொன்றாகிவிட்டது. குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். நானும் தென்காசிக்காரரும் ஏற்கெனவே கூட்டிச் சுத்தமாக இருந்த கொட்டகையை மறுபடி கூட்டினோம். தென்காசிக்காரர் கூட்டியதை நான் கூட்டினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் என் கயிறு அசைந்தது. முந்தின நாள் கம்பெனியில் மூன்று தடவை ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். மூன்று தடவையும் தரை. என்னிடம் அன்று ஜோக் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நின்றேன். "இன்னைக்கு முடியலீங்க, சுபேதார் சாப்" என்றேன். அது தலையைத் தாழ்த்தியது. உதட்டை நக்கி, ஏதோ மெல்வதுபோல் வாயை அசைத்து, ஒரு நீண்ட மூச்சு விட்டது. நான் நடந்தேன். கயிறு தொங்கியபடியே இருந்தது. பின்னால் நான்கு கால் சத்தம் வந்தது. நடந்துகொண்டே டீ வாங்கப் போனவனைப் பற்றிச் சொன்னேன். அவனுக்குச் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். பேரைச் சொன்னேன்.

"தம்பி! நில்லுங்க, நில்லுங்க!" என்று தூரத்திலிருந்து அக்காவின் குரல். நான் அழுகிறேன் என்று ஓடி வருகிறாராக்கும் என நினைத்தேன். "மரத்தத் தாண்டீட்டீங்க! பருத்தியப் போட்டு மிதிக்கறீங்க!"

கல்யாணம் நெருங்கியது. மாப்பிள்ளையைக் குதிரையில்தான் அழைத்துவர வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் ஆசைப்பட்டார்கள். எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"கூட்டீட்டு வர்றனுங்க. வெடி?"

"இல்லீங்கக்கா. குதிரைக்கு ஆகாது, வெடியே கூடாதுன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டேன்."

அக்கா காதைப் பார்த்தார். ஒரு காது நேராக, ஒரு காது படுத்து.

"பாதிதான் நம்பறாருங்க."

"ஏனுங்க?"

"குதிரைக்கு ஆகாதுங்கறது பாதிதானுங்களே."



நான் எல்லோரிடமும் சொன்னது உண்மை. மச்சானிடம் சொன்னேன், "சரீங்க மாமா" என்றார். சம்பந்தியிடம் சொன்னேன், "சரீங்க சம்பந்தி" என்றார். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் 'சரீங்க' என்றால் காதில் விழுந்தது என்று பொருள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெடியில்லாக் கல்யாணம் என்று ஒறம்பரைச் சொந்தமெல்லாம் பேசுமே என்று மச்சான் பத்தாயிரம் வாலா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. குதிரை மண்டபத்துக்குள் போயிருக்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, பிள்ளையார் கோயில் மூலையில் நின்று பற்ற வைப்பதாகத் திட்டம். குதிரைக்குத்தானே ஆகாது, குதிரை போய்விட்டால் என்ன? வீடியோக்காரர் மாப்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்திச் சிரிக்கச் சொல்வார் என்பது அவர் திட்டத்தில் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணி. நான் மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறேன். மகள் மாடிச் சன்னலில். ஊர்வலம் கண்ணுக்குத் தெரிகிறது, தவில், நாதஸ்வரம், அக்கா கையில் கயிறு, மேலே ஜரிகைத் தலைப்பாகையோடு மாப்பிள்ளை. அப்போது மூலையில் வெடித்தது.

சுபேதார் முன்னங்கால்களைத் தூக்கியது. தலைப்பாகை ஒரு பக்கம் பறந்தது. அக்காவின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டது. கூட்டம் இரண்டாகப் பிளக்க, பிடரியைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளையோடு குதிரை நேராக என்னை நோக்கி வந்தது. வலதுபக்கம் சமையல் சாமான் இறக்கிய டெம்போ நின்றிருந்தது. அதற்கு அடியில் நல்ல இடம், நிழல், எண்ணெய்க்கறைகூட இல்லை. தேர்வுகூடச் செய்துவிட்டேன்.

அதற்குள் குதிரை வந்துவிட்டது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. எனக்கு அந்தக் கண்ணைத் தெரியும். தினம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். கிண்ணத்தைப் போட்டுவிட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி, தரையில் இழுபட்ட கயிற்றை எடுத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்றது என் வாய்.

காதுகள் இன்னும் படுத்தன. பின்வாங்கிச் சுற்றியது. வெடி விடாமல் வெடித்துக்கொண்டிருந்தது.

"சரீங்க. பயமா இருக்குதுங்க, சாப். எனக்குந்தான். கால் ரெண்டும் ஆடுது. நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கறேன். நீங்களும் இருங்க."

ஒரு காது என் பக்கம் திரும்பியது. பிறகு அடுத்தது. கயிற்றைத் தொங்கவிட்டேன்.

மேலிருந்து சன்னமான குரல். "மாமா, எறங்கிக்கட்டுங்களா?"

"இப்ப வேண்டாம் மாப்ள. மொதல்ல மூச்சு விடுங்க. நீங்க மூச்சப் புடிச்சுட்டு இருக்கறது அவுருக்குத் தெரியுது."

மாப்பிள்ளை மூச்சு விட்டார். குதிரை விட்டது. நான் விட்டேன். அக்கா ஓடி வந்தவர் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டார். கயிற்றுக்குக் கை நீட்டவில்லை. பக்கத்திலிருந்த யாரோ பிடிக்கப் போனதையும் சேலைத் தலைப்பால் மறித்தார்.

பத்தாயிரம் வாலா முடிய எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. கடைசி வெடி வெடித்து, புகை கலைந்து, தவில்காரர் கீழே போட்ட குச்சியைத் தேடி எடுத்தபோது, நான் மண்டப வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.